எண்ணெய் காயட்டும், பிறகு பறக்கலாம்

2000-ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ கொண்டுவந்த எம்3 காரில் (இ46 என்ற குறியீடு கொண்ட தலைமுறை) ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. டேக்கோமீட்டரின் விளிம்பில், 4,000 சுற்றை ஒட்டித் தொடங்கி மேலே வரை வரிசையாகக் குட்டி விளக்குகள். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் அவை எரியும். வண்டி நகர்ந்து, எஞ்சின் ஆயில் சூடேற ஏற, கீழிருந்து ஒவ்வொன்றாக அணையும். கடைசியில் 8,000-ஐ ஒட்டிய சிவப்புப் பட்டை மட்டும் மிஞ்சும். அதன் பிறகுதான் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கலாம். அதே மீட்டரின் அடிப்பகுதியில், சாதாரண 3 சீரிஸ் கார்களில் பெட்ரோல் செலவைக் காட்டும் முள் இருந்த இடத்தில், ஆயிலின் வெப்பநிலையைக் காட்டும் முள்ளை வைத்தார்கள்.

எச்சரிக்கை வாசகம் இல்லை, பீப் சத்தம் இல்லை. ஓட்டுகிறவர் எப்படியும் பார்க்கப்போகிற இடத்திலேயே, இந்த நிமிடம் எதுவரை போகலாம் என்ற பதில் இருந்தது. கார் மீட்டர்களில் இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்குப் புறப்பட்ட முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கண்டம். அதைப் பெரும்பாலான கார்கள் ஓட்டுகிறவருக்குச் சொல்வதே இல்லை.

பேரிங்கின் மேல் விழும் பாரம்

அந்த எம்3-இன் எஞ்சின் எஸ்54. 3,246 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில். டர்போ கிடையாது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. கூடுதல் சக்தி வேண்டுமா, கூடுதல் சுற்று சுற்றியாக வேண்டும். அதனால்தான் எஸ்54 தன் 343 குதிரைத்திறனை 7,900 சுற்றில் தருகிறது. 2001-ஆம் ஆண்டின் சர்வதேசச் சிறந்த எஞ்சின் விருது இதற்குத்தான் கிடைத்தது.

நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் நொடிக்கு 133 சுற்று. ஒரு சுற்றில் பிஸ்டன் ஒருமுறை மேலே போய் ஒருமுறை கீழே வரும். எஸ்54-இல் அந்தப் பயணம் 91 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டரைத் தாண்டுகிறது. வேகமாகப் போவதில் பெரிய சிரமம் இல்லை. நொடிக்கு 266 முறை முழுதாக நின்று, திசை திரும்பி, மறுபடி வேகமெடுப்பதில்தான் சிரமம். மேல் உச்சியில் திரும்பும் கணத்தில் பிஸ்டன் அனுபவிக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 4,000 மடங்குக்கு மேல். பிஸ்டனும் பின்னும் ரிங்குகளும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அது 2 டன்னுக்கு மேல் கனக்கிறது.

அந்த 2 டன்னையும் இழுத்துப் பிடிப்பது கனெக்டிங் ராடு. ராடின் கீழ் முனை கிராங்க் ஷாஃப்ட்டைக் கவ்வும் இடத்தில் இருப்பது பேரிங். இந்த விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 4,000-இலிருந்து 8,000-க்குப் போனால் சுற்று இரண்டு மடங்கு, பாரம் நான்கு மடங்கு. சிவப்புக் கோட்டை நெருங்கும் கடைசி ஆயிரம் சுற்றில் எஞ்சின் படும் பாடு, முதல் மூவாயிரம் சுற்றில் படும் பாட்டைவிட அதிகம்.

கழற்றிய ராடு பேரிங்கைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சாதாரணமான பொருள் என்று. இரண்டு அரைவட்டத் தகடுகள், அவ்வளவுதான். உருளும் குண்டுகள் எதுவும் கிடையாது. முதுகு எஃகு, உள்பக்கம் சில மெல்லிய உலோகப் பூச்சுகள். புதிதாக இருக்கும்போது மங்கலான சாம்பல் நிறம். தேய்ந்தால் நடுவில் பளபளப்பு வரும், பிறகு கோடு விழும், பிறகு அடியில் இருக்கும் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். செம்பு தெரிய ஆரம்பித்துவிட்டால் அந்த எஞ்சின் வேலைக்கு வந்துவிட்டது என்றே அர்த்தம்.

சரியாக ஓடும் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இந்தத் தகட்டைத் தொடுவதே இல்லை. சுழலும் ஷாஃப்ட் தானே ஆயிலை இழுத்துத் தனக்கும் தகட்டுக்கும் இடையே ஆப்புப் போல அடித்துக்கொள்கிறது. அந்த ஆயில் படலத்தின் மேல்தான் ஷாஃப்ட் மிதக்கிறது. பாரம் உச்சத்தில் இருக்கும்போது படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. 2 டன்னையும் உலோகத்தையும் பிரித்து வைத்திருப்பது அவ்வளவுதான். பம்ப் தரும் அழுத்தம் இந்தப் பாரத்தைத் தாங்குவதில்லை. படலம் அறுந்துபோகாமல் ஆயிலை ஊட்டிக்கொண்டே இருப்பதுதான் பம்பின் வேலை.

30 டிகிரியும் குளிர்தான்

“ஐரோப்பாவில் பனி பெய்கிறது, அவர்கள் எஞ்சினைச் சூடு பண்ணட்டும், சென்னை வெயிலில் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் கை வைக்க முடியாத வெயில் அடிக்கிற ஊரில் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் எஞ்சினின் கணக்கே வேறு. அதன் பாகங்களுக்கு அளவு குறித்திருப்பது ஆயில் 100 டிகிரியை ஒட்டி இருக்கும் நிலைக்கு. ஸ்போர்ட்ஸ் கார்களில் ஊற்றும் சிந்தெடிக் ஆயில் 30 டிகிரியில், 100 டிகிரியில் இருப்பதைவிட எட்டு முதல் பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். பனி நாட்டில் அந்த மடங்கு இன்னும் மிக அதிகம், மறுக்கவில்லை. அதற்காக நம் ஊர்க் காலையில் அது ஒன்றாகிவிடாது.

கெட்டியாக இருந்தால் படலம் தடிமனாகத்தானே இருக்கும், நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேரிங்கின் நடுவே நிற்கும் படலத்தை மட்டும் பார்த்தால் அது உண்மையும்கூட. சிக்கல், ஆயில் அங்கே போய்ச் சேரும் வழியில் இருக்கிறது.

கெட்டியான ஆயிலைப் பம்ப் தள்ளும்போது அழுத்தம் சட்டென்று ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும் பம்பில் உள்ள ரிலீஃப் வால்வு திறந்து, மிச்ச ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆயில் பிரஷர் மீட்டர் உள்ள காரில் முள் உச்சியில் நிற்கும். ஓட்டுகிறவர் மகிழ்ந்துபோவார். ஆனால் வால்வு திறந்த பிறகு எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் பேரிங்குகளுக்குப் போகும் ஆயில் கூடுவதில்லை. அழுத்தம் நிறைய, ஓட்டம் குறைவு. 8,000 சுற்றில் பேரிங்கில் உண்டாகும் சூட்டை வாரிக்கொண்டு போவது ஆயிலின் ஓட்டம்தான். குளிர்ந்த எஞ்சினில் அந்த ஓட்டம் கிடைக்காது.

ஃபில்டரிலும் இதே கதை. அதன் காகித மடிப்புகளுக்குள் கெட்டி ஆயில் நுழையத் திணறினால், பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே எஞ்சினுக்குள் விட்டுவிடும். ஆயிலே போகாமல் இருப்பதற்கு இது மேல் என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். குளிரில் ரேஸ் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த வால்வைத் திறக்க வைக்கும் வாய்ப்பு உண்டு.

அடுத்தது பிஸ்டன். பிஸ்டன் வட்டமானது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குளிர்ந்த நிலையில் அது துல்லியமான வட்டம் இல்லை. மேலிருந்து பார்த்தால் மிக லேசான நீள்வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் பீப்பாய் வடிவம். சூடானதும் எந்தப் பக்கம் எவ்வளவு விரியும் என்று கணக்கிட்டு, சூட்டில் சரியான உருவத்துக்கு வரும்படி கடைந்திருக்கிறார்கள். அலுமினியம், வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஸ்54-இன் பிளாக் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஆகவே குளிரில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளி அதிகம். அந்த நிலையில் 7,000 சுற்று சுற்றினால் பிஸ்டன் ஆடி ஆடிச் சுவரில் மோதும். பெரிய ஸ்போர்ட்ஸ் எஞ்சின்கள் காலையில் லேசாகத் தட்டும் சத்தம் போடுவது இதனால்தான். சூடானதும் அந்தச் சத்தம் அடங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

இன்னும் இரண்டு விஷயம் சுருக்கமாக. குளிர்ந்த எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விடும். எரியாத பெட்ரோலில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழிறங்கி ஆயிலில் கலந்து அதன் வலுவைக் குறைக்கும். ஆயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியேறிவிடும்; பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பும் காரில் வெளியேறாது. இரண்டாவது, தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் சேர்க்கும் துத்தநாக–பாஸ்பரஸ் கலவை உலோகத்தின் மேல் காப்புப் படலமாகப் படிவதற்குச் சூடும் அழுத்தமும் வேண்டும். குளிர்ந்த ஆயிலில் அந்தக் காவலாளி இன்னும் வேலைக்கு வரவில்லை.

ஃபார்முலா 1 எஞ்சின்களில் இந்தக் கணக்கு உச்சத்துக்குப் போய்விட்டது. உள்பாகங்களின் இடைவெளி அவ்வளவு குறுகல் என்பதால், குளிர்ந்த நிலையில் அவற்றை ஸ்டார்ட் செய்வதே இல்லை. வெளியிலிருந்து சூடான தண்ணீரையும் ஆயிலையும் எஞ்சினுக்குள் சுற்றவிட்டு, உலோகம் விரிந்த பிறகுதான் உயிர் கொடுக்கிறார்கள்.

தண்ணீர் முள்ளை நம்பாதீர்கள்

பெரும்பாலான கார்களில் இருப்பது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள். அது நான்கைந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். சிலிண்டர் தலையைச் சுற்றி ஓடும் தண்ணீர் சீக்கிரம் சூடாகும்படிதான் தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறார்கள். ஆயில் அப்படி இல்லை. சம்ப்பில் கிடக்கும் ஐந்தாறு லிட்டரும் சூடாகத் தண்ணீருக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு, சில கார்களில் அதற்கும் மேல் ஆகும். போதாக்குறைக்கு, பல கார்களில் அந்தத் தண்ணீர் முள் உண்மையான வெப்பநிலையையும் காட்டுவதில்லை. ஓட்டுகிறவர் பதறக்கூடாது என்பதற்காக, ஒரு பெரிய இடைவெளி முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

ஆயில் வெப்பநிலையைத் தொடுதிரையின் மூன்றாவது மெனுவுக்குள் புதைத்து வைக்கும் நிறுவனங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. சென்சார் உள்ளேதான் இருக்கிறது, எண் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதை ஓட்டுகிறவர் கண்ணில் காட்ட என்ன தடை? 300 குதிரைத்திறனுக்கு மேல் விற்கும் ஒவ்வொரு காரிலும் அந்த எண் டேக்கோமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அப்படியானால் காலையில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி வைத்தே ஓடவிடலாமா? வேண்டாம். கார்பரேட்டர், சோக் காலத்துப் பழக்கம் அது. ஐடிலில் எஞ்சின் மிக மெதுவாகத்தான் சூடாகும், பெட்ரோல் கலப்பு அதிகமாக இருக்கும், பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். அதாவது நாம் பயந்த அந்தக் குளிர்ந்த நிலையை நாமே நீட்டிக்கிறோம். ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் பொறுத்து, ஐடில் சத்தம் அடங்கியதும் புறப்படுவதே சரி. 3,000, 3,500 சுற்றுக்குள், ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஓட்டினால் எஞ்சின் மட்டுமல்ல, கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் டயரும் சேர்ந்தே சூடாகும். கார் நிறுவனங்களின் கையேடுகளும் பொதுவாக இதையே சொல்கின்றன.

நின்ற இடத்தில் ரேஸ் கொடுப்பது இன்னும் மோசம். கல்யாண மண்டப வாசலிலும் மால் பார்க்கிங்கிலும் வீடியோவுக்காக, அப்போதுதான் ஸ்டார்ட் செய்த காரை லிமிட்டர் வரை ஏற்றுகிறார்கள். கியரில் இல்லாத எஞ்சினுக்குத் தடுக்கப் பாரம் இல்லை, சுற்று நொடியில் ஏறிவிடும். லெக்சஸ் எல்.எஃப்.ஏ. காரின் வி10 எஞ்சின் ஐடிலிலிருந்து 9,000 சுற்றுக்கு 0.6 நொடியில் போய்விடும். சாதாரண முள்ளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று டிஜிட்டல் டேக்கோமீட்டரே வைத்தார்கள். அவ்வளவு சீக்கிரம் ஏறும் சுற்றுக்குக் குளிர்ந்த ஆயில் எப்படி ஈடுகொடுக்கும்? சுற்றியிருப்பவர்கள் கைதட்டும் அந்தப் பத்து நொடிக்கான விலையை, இரண்டு மூன்று வருடம் கழித்துப் பேரிங் கொடுக்கிறது.

கெட்டி ஆயில் என்ற நம்பிக்கை

எஸ்54-இன் வரலாற்றில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. முதலில் விற்ற கார்களுக்கு நிறுவனம் பரிந்துரைத்தது 5டபிள்யூ-30 ஆயில். அதன் பிறகு ராடு பேரிங்குகள் பழுதாகி எஞ்சின்கள் உடைந்த செய்திகள் வரத் தொடங்கின. பரிந்துரை கேஸ்ட்ராலின் 10டபிள்யூ-60 ஆயிலுக்கு மாறியது. ஆரம்ப ஆண்டுகளில் தயாரான கார்களைத் திரும்ப அழைத்து ராடு பேரிங்குகளையும் போல்ட்டுகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் அந்த எஞ்சின்களுக்கான உத்தரவாதத்தை 6 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டினார்கள். குற்றம் ஆயிலுடையதா, பேரிங்குடையதா, குளிரில் மிதித்தவர்களுடையதா என்ற வாதம் இந்த எஞ்சினைப் பிரிப்பவர்களிடையே இன்றும் ஓயவில்லை.

இந்தச் சம்பவத்திலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், “ரேஸ் வண்டியா, கெட்டி ஆயில் ஊற்று” என்பது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளிலும் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு.

முதலில் எண்களைப் புரிந்துகொள்வோம். டபிள்யூ-வுக்கு முன்னால் இருக்கும் எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. அந்தச் சோதனையை உறைநிலைக்கு வெகு கீழே, 10டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 25 டிகிரியிலும் 5டபிள்யூ-வுக்கு மைனஸ் 30-இலும் செய்கிறார்கள். சென்னைக்காரர் இந்த எண்ணுக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. பின்னால் வரும் எண் 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 60 என்றால் 21.9 முதல் 26.1 வரை. சூட்டிலும் 60, 30-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி. இவை இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது டப்பாவின் முகப்பில் இல்லாத மூன்றாவது எண்: 150 டிகிரியில், பேரிங்குக்குள் நடப்பதைப் போன்ற கடுமையான உராய்வில் ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்ற அளவு. 30 கிரேடு ஆயிலுக்கு அது குறைந்தது 2.9 இருக்க வேண்டும். 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5, 60-க்கு 3.7. ஒரு நல்ல 40 ஆயிலும் 60 ஆயிலும் அங்கே எவ்வளவு நெருங்கி வரக்கூடும் என்று பாருங்கள்.

இப்போது ஹோண்டா எஸ்2000-ஐ எடுத்துக்கொள்வோம். 1999-இல் வந்த கார். எஞ்சின் வெறும் 1,997 சிசி, சிவப்புக் கோடு 9,000 சுற்று. ஜப்பானில் விற்ற காரில் 250 குதிரைத்திறன், அதுவும் 8,300 சுற்றில். பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25 மீட்டர், எம்3-ஐவிட அதிகம். அந்த எஞ்சினுக்கு ஹோண்டா பரிந்துரைத்த ஆயில் 10டபிள்யூ-30. எம்3-ஐவிட வேகமாகச் சுற்றும் எஞ்சின், அதில் பாதி கெட்டியான ஆயிலில் ஓடியது; ஓடிக்கொண்டும் இருக்கிறது. பேரிங்கின் இடைவெளி, அகலம், பம்பின் கொள்ளளவு, ஆயில் செல்லும் துளைகள் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஆயிலை மனதில் வைத்தே வடித்திருந்தார்கள்.

அதிலும் குறை இல்லாமல் இல்லை. பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் போல்ட்டில் ஆரம்பத்தில் இரண்டு துளைகள்தான் இருந்தன. பிறகு நான்காக்கினார்கள். ஆயிலின் கெட்டியை மாற்றாமல், ஆயில் போகும் வழியை மாற்றினார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. குளிர்ந்த எஞ்சினைக் காப்பதற்கும் ஹோண்டா வழி வைத்திருந்தது. 6,000 சுற்றை ஒட்டி உயரமான கேமுக்கு மாறும் விடெக், எஞ்சின் போதிய அளவு சூடாகும் வரை வேலையே செய்யாது. ஓட்டுகிறவர் எவ்வளவு மிதித்தாலும் அந்தக் கதவு திறக்காது.

எதிர்ப்பக்கத்தில் பி.எம்.டபிள்யூவின் எம்5 காரில் வந்த வி10, இ46-க்குப் பின் வந்த எம்3-இன் வி8 எஞ்சின்கள். இரண்டும் 8,000-ஐத் தாண்டிச் சுற்றுபவை, இரண்டுக்கும் அதே 10டபிள்யூ-60 ஆயில். அப்படியிருந்தும் ராடு பேரிங் தேய்மானம் இரண்டையும் விடாமல் துரத்தியது. குறுகலான இடைவெளிக்குள் இவ்வளவு கெட்டி ஆயில் போவதே சிக்கல் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை முழுதாக ஏற்காவிட்டாலும் ஒன்று நிச்சயம். கெட்டி ஆயில் அந்தப் பேரிங்குகளைக் காப்பாற்றவில்லை.

ஆகவே கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ, அதுதான் உங்கள் காருக்கு. அந்த நிறுவனத்தின் ஒப்புதல் குறியீடு டப்பாவின் பின்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பைக் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: காருக்கு வாங்கியதில் மிஞ்சிய ஆயிலை 10,000 சுற்று சுற்றும் பைக்கில் ஊற்றிவிடாதீர்கள். பைக்கின் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. உராய்வைக் குறைக்க கார் ஆயிலில் சேர்க்கும் பொருள் கிளட்ச்சை வழுக்க வைத்துவிடும். பைக்குக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும்.

மையத்தைத் தொட ஒரு போராட்டம்

சுற்று ஏற ஏற ஆயிலுக்கு இன்னொரு எதிரி முளைக்கிறது: மையவிலக்கு விசை. வழக்கமான எஞ்சினில் ஆயில் முதலில் மெயின் பேரிங்குக்கு வந்து, அங்கிருந்து கிராங்க் ஷாஃப்ட்டில் துளைத்த வழியாக உள்ளே போய், ராடு பேரிங்கில் வெளிவர வேண்டும். உள்ளே நுழைய முயலும் ஆயிலைச் சுழலும் ஷாஃப்ட் வெளியே எறியப் பார்க்கும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட்டின் மையம் வழியாகக் குறுக்கே துளை போட்டிருந்தால், 9,000 சுற்றில் அந்த மையத்தைத் தொடுவதற்கு மட்டுமே 3 பாருக்கு மேல் அழுத்தம் தேவைப்படும். அதே ஷாஃப்ட்டில் 4,500 சுற்றுக்குக் கால்வாசி போதும்.

பந்தய எஞ்சின்கள் இதற்குக் கண்ட தீர்வு, ஆயிலை ஷாஃப்ட்டின் முனை வழியாக நேரே மையத்துக்குள் செலுத்துவது. அங்கிருந்து வெளியே போக மையவிலக்கு விசையே துணைக்கு வரும். 2017-இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரின் 4 லிட்டர் எஞ்சினில் இந்த முறையைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அந்த எஞ்சின் 9,000 சுற்று போகும். அதே எஞ்சினில், வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பை எடுத்துவிட்டு, அசையாத அமைப்பை வைத்தார்கள். முந்தைய 3.8 லிட்டர் ஜிடி3 எஞ்சினில் கேமுக்குக் கீழிருக்கும் விரல் போன்ற பாகங்கள் தேய்ந்துபோனதால், அதன் உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைலாக நீட்ட வேண்டியிருந்தது. பட்ட பாடு அடுத்த எஞ்சினுக்கு உதவியது.

ஜிடி3 போன்ற கார்களில் ட்ரை சம்ப் வைப்பதும் ஆயிலைத் தேடி ஓடும் இதே பிழைப்புக்காகத்தான். சாதாரண காரில் ஆயில் எஞ்சினின் அடியிலேயே தேங்கும். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பினால் மொத்த ஆயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். பேரிங்குக்கு அரை நொடி காற்று போனாலே போதும். ட்ரை சம்ப்பில் கூடுதல் பம்புகள் கீழே விழும் ஆயிலை உடனுக்குடன் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பும். அங்கே நுரை அடங்கிய ஆயில்தான் திரும்ப எஞ்சினுக்குப் போகும். ட்ரை சம்ப் இல்லாத காரை இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கோ கோவை கரி ஸ்பீட்வேக்கோ எடுத்துப் போகிறவர்கள், டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தடத்தில் இறங்க வேண்டும். கீழ்க் கோட்டில் இருக்கும் ஆயில் ஆபீஸ் போய்வரப் போதும், வளைவுகளுக்குப் போதாது.

தடத்தில் ஓட்டும்போது சூடு எதிர்த்திசையில் பிரச்சினையாகும். ஆயில் 130 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆற விடுங்கள். 150-ஐ நெருங்கினால் உடனே ஒதுங்கிவிடுங்கள். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியல் கணக்கு. டர்போ காராக இருந்தால் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடித்த பிறகே எஞ்சினை நிறுத்த வேண்டும். கொதிக்கும் டர்போ ஷாஃப்ட்டில் தேங்கி நிற்கும் ஆயில் கரியாகிவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

ஆயில் வெப்பநிலை காட்டும் முள்ளோ எண்ணோ உங்கள் காரில் இருந்தால், அது 80 டிகிரியைத் தாண்டும் வரை சுற்றை 3,500-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், தண்ணீர் முள் நடுவுக்கு வர எவ்வளவு நேரம் ஆனதோ அதே அளவு நேரம் மேற்கொண்டும் நிதானமாக ஓட்டுங்கள். அதற்குப் பிறகு 8,000 வரை தாராளமாக ஏற்றலாம். அந்தச் சுற்றுக்காகவே வடித்த எஞ்சின் அது. சூடான ஆயிலில் அதைப் பயந்து பயந்து ஓட்டத் தேவையே இல்லை. ஆயிலை மட்டும் நிறுவனம் சொல்லும் கெடுவுக்குக் காத்திருக்காமல், அதில் பாதி தூரத்திலேயே மாற்றுங்கள். புது பேரிங்கும் அதைப் போடும் கூலியும் என்ன ஆகும் என்று ஒருமுறை விசாரித்தால் ஆயில் செலவு பெரிதாகத் தெரியாது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறீர்கள் என்றால் சர்வீஸ் பில்களைப் பாருங்கள். ஆயில் கிரேடு ஒவ்வொரு பில்லிலும் எழுதியிருக்க வேண்டும். வெளியே எடுத்த ஆயிலில் கொஞ்சத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் ஈயமும் செம்பும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று சொல்லிவிடுவார்கள். பேரிங்கின் நிலை எஞ்சினைப் பிரிக்காமலே தெரிந்துவிடும். பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். பிறகு அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவர் 5,000 சுற்றைத் தாண்டினால், அந்தக் காரை வாங்காதீர்கள்.